ஒரு தொட்டிச் செடிக்கு எத்தனை ஆண்டு ஜெயில்?

காஞ்சிபுரத்தில் தறி நின்றுபோன கூடத்தைத் தடுத்து அறையாக்கி, படிக்க வந்த பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடும் குடும்பங்கள் உண்டு. ஏனாத்தூர் பல்கலைக்கழகம் பக்கம் கேட்கவே வேண்டாம். அட்வான்ஸ் எவ்வளவு, வாடகை எந்தத் தேதி, அசைவம் சமைப்பீர்களா? மூன்று கேள்வியோடு சாவி கை மாறிவிடும். உள்ளே என்ன வளர்க்கிறார்கள் என்று யார் கேட்கப்போகிறார்கள்!

பெங்களூருவை அடுத்த பிடதியிலும் 2021-ல் ஒரு வில்லாவை அப்படித்தான் வாடகைக்கு விட்டார்கள். உள்ளே எல்.இ.டி. விளக்குகள், கூடாரம், நூற்றுக்கும் மேற்பட்ட கஞ்சா செடிகள். கைதானவர்களில் ஒருவர் ஈரானிலிருந்து மாணவர் விசாவில் படிக்க வந்தவர். விதையை ஆன்லைனில் வரவழைத்தார், வளர்ப்பதையும் ஆன்லைனிலேயே கற்றார் என்றது போலீஸ். மாடியில் கீரை போடுகிறவர்கள் வாங்குவதும் ஏறக்குறைய இதே சாமான்தான். பார்த்தவருக்குச் சந்தேகம் வராது.

வெளிநாட்டுக்காரர்கள்தான் இப்படி என்று முடிவுகட்ட வேண்டாம். 2023 ஜூனில் ஷிவமோகாவில் வாடகை வீட்டில் கஞ்சா வளர்த்ததாகப் பிடிபட்டவர்கள் மருத்துவ மாணவர்கள். அவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளையும் உண்டு.

இதற்குத் தண்டனை என்ன? 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 20-வது பிரிவைப் பார்க்க வேண்டும். கையில் கஞ்சா வைத்திருந்தால் எடைக் கணக்கு உண்டு. ஒரு கிலோ வரை ‘சிறு அளவு’, அதிகபட்சம் ஓராண்டு. செடி வளர்த்தால் அந்தக் கணக்கே கிடையாது. பத்து ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். ஜன்னலோரத் தொட்டியில் ஒரு நாற்றாக இருந்தாலும், வில்லா நிறைய இருந்தாலும் அதே பிரிவுதான். குறைந்தபட்சத் தண்டனை என்று எதுவும் சொல்லப்படவில்லை. ஆக, சில மாதமா, பத்து வருடமா என்பது நீதிபதியின் கையில்.

“சின்னப் பையன், படிக்கிறவன், முதல் தடவை” என்று வக்கீல் கெஞ்சலாம். அதைக் கேட்டு நீதிபதி தண்டனையைக் குறைக்கலாம். ஆனால் சிறைக்கு அனுப்பாமல் விடுவது கஷ்டம். மற்ற பல வழக்குகளில் 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களை நன்னடத்தைக் கண்காணிப்பில் விட 1958-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று கைகொடுக்கும். போதைப்பொருள் சட்டத்தின் 33-வது பிரிவு, வளர்த்தவருக்கு அந்தக் கதவைச் சாத்திவிடுகிறது. 18 நிரம்பாதவர்களுக்கு மட்டும் விலக்கு. பத்தொன்பது வயதில் அசட்டுத்தனமாக ஒரு செடி வைத்தவனையும், அதையே தொழிலாகச் செய்தவனையும் ஒரே தட்டில் நிறுத்துவது கொஞ்சம் கொடுமைதான். வெளிநாட்டு மாணவர் என்றால் ஜெயிலோடும் முடிவதில்லை. படிப்பு போகும், விசா போகும், நாடு கடத்தலும் வரும்.

வீட்டுக்காரர் கதை தனி. தெரிந்தே இடம் கொடுத்தால், வளர்த்தவருக்கு என்ன தண்டனையோ அதுவே இவருக்கும் என்கிறது 25-வது பிரிவு. தெரியாமல் கொடுத்தவருக்கு அது பொருந்தாது. ஆனாலும் வாடகை ஒப்பந்தமும் அடையாள அட்டை நகலும் கையில் இருப்பது நல்லது. வெளிநாட்டவரைக் குடிவைத்தால் 24 மணி நேரத்துக்குள் அந்தத் தகவலைப் பதிய வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதே இல்லை.

இனி நம் வீட்டுப் பிள்ளைக்கு வருவோம். லண்டனிலோ சிங்கப்பூரிலோ இறங்கிய நிமிடம் அவன்தான் ‘வெளிநாட்டு மாணவன்’. பிரிட்டனில் கஞ்சா வளர்த்தால் 14 ஆண்டு வரை போகலாம்; ஓராண்டோ அதற்கு மேலோ தண்டனை விழுந்தால் நாடு கடத்துவதுதான் அங்கே பொது விதி. சிங்கப்பூரில் வளர்ப்புக்கு 20 ஆண்டு வரை. அரை கிலோவுக்கு மேல் கடத்தினால் தூக்கு. சுமார் ஒரு கிலோ கஞ்சா கடத்தல் வழக்கில் தங்கராஜு சுப்பையா என்ற தமிழர் 2023 ஏப்ரல் 26-ல் அங்கே தூக்கிலிடப்பட்டார்.

வெளிநாட்டில் கைதாகும் யாரும் தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்கலாம். 1963-ம் ஆண்டு வியன்னா ஒப்பந்தம் தரும் உரிமை இது. தூதரக அதிகாரி வந்து பார்ப்பார், வக்கீல் வைக்க உதவுவார். தண்டனையைக் குறைக்க அவரால் முடியாது.