ஆற்றுக்காகப் பாடிய அமெரிக்கர்
(நமது மும்பை பகுதி நேர நிருபர்)

மாஹிமை விட்டு ரெயில் புறப்பட்டு, பாந்திரா வருவதற்குள் ஒரு பாலம் வரும். அந்த இடத்தில் பெட்டியில் இருக்கும் அத்தனை பேரும் சொல்லி வைத்தாற்போல் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக் கொள்வார்கள். பாலத்துக்குக் கீழே கிடக்கும் கறுப்புத் தண்ணீரின் பெயர் மித்தி ஆறு. 'மித்தி' என்றால் இனிப்பு என்று பொருள்!

"எல்லாம் இந்தத் தாராவிக்காரர்கள் செய்கிற வேலை" என்று யாராவது ஒருவர் நம் காதுபடவே சொல்வார். தாராவியில் பிறந்து வளர்ந்த நான் பதில் சொல்ல வாய் எடுப்பதற்குள் பாந்திரா வந்துவிடும்.

இதே போல நாற்றம் எடுத்த ஓர் ஆறு அமெரிக்காவில் ஓடியது. அதன் கரையில் ஒரு பாடகர் வாழ்ந்தார். அவர் மூக்கைப் பொத்திக் கொள்ளவில்லை. பாடினார்! அவருடைய கதை இது.

நமக்குத் தெரிந்த பாட்டு

அவர் பெயர் பீட் சீகர். பெயரைக் கேள்விப்படாதவர்கள் கூட அவர் பரப்பிய ஒரு பாட்டைக் கேட்டிருப்பார்கள். 'ஹம் ஹோங்கே காம்யாப்' என்று நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பாடுகிறார்களே, அந்தப் பாட்டின் ஆங்கில மூலத்தை உலகம் முழுவதும் கொண்டு சேர்த்தவர்களில் முக்கியமானவர் அவர்.

அது அவர் இயற்றிய பாட்டு அல்ல. 1945-ல் தொடங்கி 1946 வரை நீடித்த ஒரு வேலை நிறுத்தத்தில், சார்ல்ஸ்டன் நகரப் புகையிலைத் தொழிற்சாலையின் கறுப்பினத் தொழிலாளர்கள் பாடிய பாட்டு அது. ஜில்பியா ஹார்ட்டன் என்ற அம்மையாரிடம் சீகர் அதைக் கற்றுக்கொண்டார். பிறகு ஊர் ஊராகப் பாடினார்.

கூடாரமும் சரக்கு ரெயிலும்

சீகர் 1919-ம் ஆண்டு மே மாதம் 3-ந் தேதி நியூயார்க்கில் பிறந்தார். தந்தை இசை அறிஞர். தாயார் வயலின் வித்துவான். மகனுக்கோ காட்டின் மீதுதான் மோகம். எர்னஸ்ட் தாம்சன் சீட்டன் எழுதிய காட்டு வாழ்க்கைப் புத்தகங்களைப் படித்துவிட்டு, கூடாரம் அடித்து அதிலேயே படுத்துக் கொள்வாராம்.

1936-ல் தந்தையோடு வட கரோலினா மலைப்பகுதியில் நடந்த ஒரு நாட்டுப்புற இசை விழாவுக்குப் போனார். அங்கேதான் ஐந்து தந்தி 'பேஞ்சோ'வைக் கேட்டார். விநாயகர் ஊர்வலத்தில் இங்கே வாசிக்கிறார்களே, கட்டை அமுக்கி வாசிக்கும் பேஞ்சோ, அது வேறு. இது கஞ்சிராவுக்கு நீண்ட கழுத்து வைத்து ஐந்து தந்தி கட்டியது போல இருக்கும். வட்டத்தின் மேல் தோல் போர்த்தியிருப்பார்கள். அந்த வாத்தியம் அவரை விடவே இல்லை.

ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். 1938-ல் படிப்பை முடிக்காமலேயே வெளியேறினார். சைக்கிளை எடுத்துக்கொண்டு கிராமம் கிராமமாகச் சுற்றினார். வீடுகளையும் பண்ணைகளையும் வண்ணப் படமாக வரைந்து கொடுத்துவிட்டு, சாப்பாடும் படுக்க இடமும் பெற்றுக் கொண்டார்.

1940-ல் உட்டி கத்ரி என்ற நாடோடிப் பாடகரைச் சந்தித்தார். அவரிடம் பயணக் கலையைக் கற்றார். சரக்கு ரெயிலில் தொற்றிக்கொண்டு ஊர் சுற்றுவதும் அதில் ஒரு பாடம். ரெயில்வேயில் சம்பளம் வாங்குகிற நான் இதைப் பாராட்டி எழுதக் கூடாது. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை!

கல்லடியில் கட்டிய வீடு

1943-ல் தோஷி என்ற பெண்ணை மணந்தார். தோஷியின் தந்தை ஜப்பானியர், தாய் அமெரிக்கர். 1949-ல் ஹட்சன் ஆற்றுக்கு மேலே, பீக்கன் என்ற ஊரில் மலைச்சரிவில் 17 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். நூல் நிலையத்தில் புத்தகம் பார்த்துக் கற்றுக்கொண்டு, மரத்தை வெட்டி, கட்டையை அடுக்கித் தம் கையாலேயே வீடு கட்டினார் சீகர். ஆரம்பத்தில் மின்சாரம் இல்லை, குழாய் இல்லை. ஓடையிலிருந்துதான் தண்ணீர்.

அதே ஆண்டு பீக்ஸ்கில் என்ற இடத்தில் கறுப்பினப் பாடகர் பால் ராப்சனுடைய கச்சேரியில் சீகரும் பாடினார். திரும்பும் வழியில் ஒரு கும்பல் கார்கள் மீது கல் வீசியது. சீகரின் மனைவியும் குழந்தைகளும் காருக்குள் இருந்தார்கள். கண்ணாடிகள் நொறுங்கின. காருக்குள் வந்து விழுந்த கற்களை அவர் எறிந்துவிடவில்லை. வீட்டுப் புகைபோக்கியில் வைத்துக் கட்டிவிட்டார்!

வாய்ப்பூட்டு

1950-ல் அவருடைய 'வீவர்ஸ்' குழுவின் இசைத்தட்டு அமெரிக்காவில் முதல் இடத்தில் நின்றது. ஆனால் அது கம்யூனிஸ்டு வேட்டைக் காலம். சீகர் 1940-களில் அக்கட்சியில் இருந்து, பின்னர் விலகியவர். வாய்ப்புகள் நின்றன. 1955-ல் பாராளுமன்றக் குழு அவரை அழைத்து விசாரித்தது. "என் அரசியலைப் பற்றியும் நம்பிக்கையைப் பற்றியும் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை" என்ற பொருள்பட மறுத்தார். வேண்டுமானால் பாட்டைப் பாடிக் காட்டுகிறேன் என்றார்!

1961-ல் ஓராண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 1962-ல் மேல் கோர்ட்டு அதை ரத்து செய்தது. ஆயினும் பெரிய டெலிவிஷன் நிலையங்களின் கதவு 1967 வரை அவருக்குத் திறக்கவில்லை. பள்ளிக்கூடங்களிலும் கோடைக்கால முகாம்களிலும் குழந்தைகளுக்குப் பாடிப் பிழைத்தார். 1963-ல் குடும்பத்தோடு உலகப் பயணம் புறப்பட்டபோது இந்தியாவுக்கும் வந்தார். கல்கத்தாவில் பாடினார்.

பாய்மரக் கப்பல்

சீகர் ஒரு சிறு பாய்மரப் படகு வாங்கி ஹட்சன் ஆற்றில் ஓட்டினார். அப்போதுதான் ஆற்றின் நிலையைக் கண்ணால் கண்டார். ஊர்களின் மலக்கழிவு மிதந்து வந்தது. ஆலைகளின் எண்ணெயும் சாயமும் கலந்து வந்தன.

வழக்குப் போடலாம், கோஷம் போடலாம். சீகருக்கு வேறு யோசனை தோன்றியது. பழைய காலத்தில் அந்த ஆற்றில் ஓடிய பெரிய பாய்மரக் கப்பல் போல ஒன்றைக் கட்டுவோம், மக்களை ஆற்றுக்குக் கூட்டி வருவோம், ஆற்றைப் பார்த்தவன் அதை நேசிப்பான், நேசித்தவன் காப்பாற்றுவான் என்றார். பைத்தியக்காரத்தனம் என்றார்கள் பலர்.

கச்சேரி நடத்தி, தொப்பி ஏந்திப் பணம் திரட்டினார். 1969-ம் ஆண்டு மே மாதம் 106 அடி நீளமுள்ள 'கிளியர்வாட்டர்' கப்பல் தண்ணீரில் இறங்கியது. 'தெளிந்த நீர்' என்று பொருள். ஊர் ஊராகக் கரையில் நிற்கும். பாட்டு நடக்கும். பள்ளிப் பிள்ளைகள் ஏறுவார்கள். வலை வீசி மீன் பிடித்துத் தொட்டியில் விட்டுக் காட்டி, மறுபடி ஆற்றிலேயே விடுவார்கள். அடுத்த ஆண்டு சீகரும் கூட்டாளிகளும் அந்தக் கப்பலிலேயே தலைநகர் வாஷிங்டனுக்குப் போனார்கள்.

1972-ல் அமெரிக்காவில் தூய நீர்ச் சட்டம் நிறைவேறியது. ஜனாதிபதி நிக்சன் தடுத்தும் பாராளுமன்றம் நிறைவேற்றியது. அந்தச் சட்டத்துக்குப் பலர் உழைத்தார்கள். கிளியர்வாட்டர் கூட்டமும் அதில் ஒன்று.

வேலை அதோடு முடியவில்லை. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் இரண்டு ஆலைகளிலிருந்து 1977 வரை சுமார் 30 ஆண்டுகளில் 'பி.சி.பி.' என்ற நச்சு ரசாயனம் லட்சக்கணக்கான ராத்தல் ஆற்றில் கலந்திருந்தது. அந்த நச்சுச் சேற்றைத் தோண்டி எடுக்கும் வேலை 2009-ல்தான் தொடங்கியது, 2015-ல் முடிந்தது. ஹட்சன் மீனைச் சாப்பிடுவதற்கு இன்றைக்கும் கட்டுப்பாடு உண்டு. ஆனால் இப்போது அந்த ஆற்றின் பல இடங்களில் மக்கள் இறங்கிக் குளிக்கிறார்கள். கழுகுகள் திரும்பி வந்துவிட்டன.

2009-ல் ஒபாமா பதவியேற்பையொட்டி நடந்த விழாவில், 89 வயது சீகர் பல லட்சம் பேர் முன்னிலையில் பாடினார். ஒரு காலத்தில் அவரை விசாரணைக்கு இழுத்த பாராளுமன்றத்தின் அதே தலைநகரம்! 2013-ல் தோஷி காலமானார். 2014-ம் ஆண்டு ஜனவரி 27-ந் தேதி, 94-வது வயதில், சீகரும் மறைந்தார். அதற்குப் பத்து நாட்களுக்கு முன்பு கூட விறகு பிளந்து கொண்டிருந்தார் என்று அவர் பேரன் சொன்னார்.

நமது ஆறு

2005-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதியை மும்பைத் தமிழர் யாரும் மறந்திருக்க முடியாது. ஒரே நாளில் 94 சென்டி மீட்டர் மழை. அப்போது நான் பள்ளி மாணவன். மார்பளவு தண்ணீரில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு 90 அடி ரோட்டைக் கடந்தேன். ரேஷன் கார்டும், என் பள்ளிச் சான்றிதழ்களும், அம்மாவின் தையல் மெஷினும் அன்று போயின. அடைபட்டுக் கிடந்த மித்தி ஆறு தன் இடத்தைத் தேடி நம் வீட்டுக்கு வந்தது.

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். சீகரைப் பற்றிப் படித்த பிறகு எனக்குப் பார்க்கத் தோன்றியது. சென்ற மாதம் ஓய்வு நாளில் என் மகனை போவாய் ஏரிக்கு அழைத்துப் போனேன். விகார் ஏரியும் போவாய் ஏரியும் நிரம்பி வழிகிற தண்ணீர்தான் மித்தி. ஏரியின் ஒரு பக்கம் ஆகாயத் தாமரை படர்ந்திருந்தது. மறு பக்கம் நீர் பளபளத்தது. கொக்கு நின்றது.

"அப்பா, இதுவா நம்ம வீட்டுப் பக்கம் வர்ற ஆறு?" என்று நம்பாமல் கேட்டான்.

"இதுதான்டா" என்றேன்.

மறுநாள் காலை வழக்கமான வண்டி. பாலம் வந்தது. கைக்குட்டைகள் வெளியே வந்தன. "தாராவிக்காரர்கள்..." என்று ஒருவர் ஆரம்பித்தார். இந்தத் தடவை நான் வாயைத் திறந்துவிட்டேன். ஆறு எங்கே பிறக்கிறது, எந்தெந்தப் பேட்டைகளைத் தாண்டி நம்மிடம் வருகிறது என்று பாந்திரா வரும் வரை சொல்லிக் கொண்டே வந்தேன்.

அவர் இறங்கவேண்டிய இடம் பாந்திரா. ஆனால் இறங்கவில்லை. "போவாய்க்கு எந்த பஸ்?" என்று கேட்டார்.