நீர்மூழ்கியைப் பிளந்து காட்டும் கோடுகள்

புணே மாவட்டத்து லோணாவளா மலைப்பகுதியில், அலையோசை எட்டாத உயரத்தில், 'ஐ.என்.எஸ். சிவாஜி' என்னும் கடற்படைப் பொறியியற் பயிற்சி நிலையம் 1945 பிப்ரவரி முதல் இயங்கி வருகிறது. கப்பலின் உள்ளமைப்பைக் கற்போர்க்கு வெட்டுத்தோற்ற வரைபடமே முதல் ஆசான்.

1967-இல் நம் கடற்படையில் சேர்ந்த முதல் நீர்மூழ்கியான 'கல்வரி'யை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 91 மீட்டர் நீளம். முன்னே ஆறு, பின்னே நான்கு டார்பிடோ குழாய்கள். வெளிக்கூட்டுக்கும் அழுத்தக்கூட்டுக்கும் இடையே நீர்த்தொட்டிகள். புகைப்படத்தில் தெரிவது கரிய முதுகு மட்டுமே.

ஆயினும் வரைபடமும் பொய்யுரைப்பதுண்டு. 1776-இல் அமெரிக்கப் புரட்சிப் போரில் இறங்கிய, டேவிட் புஷ்னெலின் 'டர்ட்டில்' என்னும் ஒற்றையாள் நீர்மூழ்கியின் படமென நூல்தோறும் அச்சாவது, நூறாண்டு கழித்து 1875-இல் பிரான்சிஸ் பார்பர் என்னும் கடற்படை அதிகாரி வெளியிட்டது. அதில் கலத்தைச் செலுத்துவது திருகாணிச் சுருள். புஷ்னெல் காலத்துக் கடிதமொன்றோ காற்றாலையின் எதிரெதிர்க் கைகள் போன்ற துடுப்புகளைக் குறிக்கிறது. அழகிய படம் கடிதத்தை வென்றுவிட்டது!

பழைய நீலப்படி வரைபடம் தங்கள் இல்லத்தில் இருப்பின், வெயில்படும் சுவரில் மாட்ட வேண்டாம். இரும்பு உப்புகளால் உண்டான அந்நீலம் ஒளியில் மங்கும். இருளில் வைத்தால் ஓரளவு மீளும். காரம் பட்டால் வெளிறும். ஆதலால் பிற ஆவணங்களுக்கு உகந்த காரமேற்றிய காப்புத்தாளும் இதற்கு ஆகாது. அமிலமும் காரமுமற்ற உறையில், மடிக்காமல் தனியே வைத்தல் வேண்டும். கூடத்துச் சுவருக்கு ஒரு நகல் போதும்.