கவிழ்க்கும் முன் அடுத்தவர் யார்?

2025 மே 6 காலை. ஃபிரெட்ரிக் மெர்ஸ் அன்று ஜெர்மனியின் சான்சலர் ஆகிவிடுவார் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். 630 உறுப்பினர்கள் கொண்ட நாடாளுமன்றமான புண்டெஸ்டாக்கில் அவருடைய கூட்டணிக்கு 328 இடங்கள். தேவையோ 316. ரகசிய வாக்கெடுப்பில் கிடைத்தது 310 தான்! பிற்பகல் இரண்டாம் சுற்றில் 325 வாக்குகள் விழுந்த பிறகே குடியரசுத் தலைவர் ஷ்டைன்மையரிடம் நியமன ஆணையை வாங்க முடிந்தது.

நாட்டின் தலைவர் ஷ்டைன்மையர்தான். ஆனால் ஆட்சியை நடத்துபவர் சான்சலர். குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. புண்டெஸ்டாக் உறுப்பினர்களும், அதே எண்ணிக்கையில் 16 மாநிலச் சட்டமன்றங்கள் அனுப்புகிறவர்களும் கூடி ஐந்தாண்டுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாநில அரசுகளின் அவையான புண்டெஸ்ராட்டுக்குச் சட்டமியற்றுவதில் பங்குண்டு. சான்சலரை ஏற்றவோ இறக்கவோ அதனால் முடியாது.

குடியரசுத் தலைவரின் கையை இப்படிக் கட்டிப்போட்டதற்குப் பின்னால் பெரும் துயரம் இருக்கிறது. 1919 அரசியலமைப்பில் அவர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். சான்சலரை அவரே நியமிக்கலாம், நீக்கலாம், அவசர ஆணைகளும் பிறப்பிக்கலாம். சேர்ந்து ஆள முடியாத கட்சிகள் அரசைக் கவிழ்ப்பதற்கு மட்டும் சேர்ந்துகொண்டன. 1930க்குப் பிறகு நாடாளுமன்றப் பெரும்பான்மை இல்லாத சான்சலர்கள் ஆணைகளை நம்பியே ஆண்டார்கள். 1933 ஜனவரி 30 அன்று குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் ஹிட்லரைச் சான்சலராக நியமித்தார்.

அந்தக் காயத்திலிருந்து பிறந்ததுதான் இன்றைய அரசியலமைப்பான 1949 அடிப்படைச் சட்டத்தின் 67ஆவது பிரிவு. சான்சலர் வேண்டாம் என்று மட்டும் வாக்களித்து அவரை இறக்க முடியாது. அதே வாக்கெடுப்பில் அடுத்தவரைப் பெரும்பான்மையோடு தேர்ந்தெடுத்தாக வேண்டும். நாடாளுமன்றங்கள் கண்டுபிடித்த மிகப் பொறுப்பான விதிகளில் ஒன்று இது என்பேன். தேசிய அளவில் இரண்டே முறைதான் அது பயன்பட்டிருக்கிறது. 1972இல் சான்சலர் வில்லி பிராண்டை இறக்க முயன்ற எதிர்க்கட்சித் தலைவர் ரெய்னர் பார்ட்செலுக்கு 249 வாக்குகள் தேவைப்பட்டன, கிடைத்தவை 247. 1982இல் ஹெல்முட் ஷ்மித் இறங்க, ஹெல்முட் கோல் ஏறினார்.

சான்சலர் தாமாகவும் நம்பிக்கை வாக்குக் கேட்கலாம். 2024 டிசம்பர் 16 அன்று அப்போதைய சான்சலர் ஓலாஃப் ஷோல்ட்ஸ் கேட்டார். ஆதரவு 207, எதிர்ப்பு 394. அவர் தோற்றதும் அவை தானாகக் கலையவில்லை. அவர் பரிந்துரைத்தால் குடியரசுத் தலைவர் 21 நாட்களுக்குள் கலைக்கலாம். அதற்குள் புண்டெஸ்டாக் வேறொரு சான்சலரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அந்த அதிகாரமும் போய்விடும். அவையால் யாரையும் முன்னிறுத்த முடியவில்லை. டிசம்பர் 27 அன்று ஷ்டைன்மையர் அதைக் கலைத்தார்.