கிரீக் யோகர்ட்டில் செம்மறி ஆடு எங்கே?

கடலூரோ, சிதம்பரமோ... பெரிய சூப்பர் மார்க்கெட்டாக இருந்தால் ஃப்ரிட்ஜில் தயிர் பாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே ‘கிரீக் யோகர்ட்’ கப்பும் இருக்கிறது. ஜிம்முக்குப் போகிறவர்கள் புரோட்டீனுக்காக வாங்குகிறார்கள். சாதாரண தயிரைவிட விலையும் கூடுதல். ஆனால், கிரேக்க கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக உறை ஊற்றிய தயிருக்கும் இந்தக் கப்புக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. அது செம்மறி ஆட்டுப் பாலில் செய்தது. இது பெரும்பாலும் பசும்பால்.

அந்தப் பக்கத்திலிருந்து வெளிநாடு போன குடும்பங்கள் தயிரைக் கூடவே கொண்டுபோயின. ஆட்டை மட்டும் கொண்டுபோக முடியவில்லை. அது ஏன்? அப்போ நாம காசு கொடுத்து வாங்குவது எதை?

அசல் எது?

கிரேக்கத்தில் பாரம்பரியத் தயிர் இரண்டு வகை. ஒன்று, செம்மறிப் பாலைக் காய்ச்சி, மண் சட்டியில் ஊற்றி, இளஞ்சூட்டில் உறைய வைப்பது. மேலே தடிமனாக ஆடை கட்டும். அதை ‘பெட்சா’ என்கிறார்கள். இதைத் துணியில் கட்டி வடிப்பதில்லை. இன்னொன்று, உறைந்த தயிரைத் துணியில் கட்டித் தண்ணீரை வடிக்கும் ‘ஸ்ட்ராகிஸ்தோ’. உலகம் முழுக்க ‘கிரீக் யோகர்ட்’ என்று விற்பனையாவது இந்த இரண்டாவது வகையைப் பார்த்துச் செய்ததுதான்.

முதல் வகைக்கு ஏன் துணி தேவையில்லை? பதில் பாலிலேயே இருக்கிறது. 100 கிராம் செம்மறிப் பாலில் கொழுப்பு 6 முதல் 7 கிராம், புரதம் 5 முதல் 6 கிராம். பசும்பாலில் கொழுப்பு சுமார் 4 கிராம், புரதம் 3 கிராமுக்குக் கொஞ்சம் மேல். தண்ணீர் போக மிஞ்சும் சத்து செம்மறிப் பாலில் சுமார் 18 சதவீதம், பசும்பாலில் 12 முதல் 13 சதவீதம். செம்மறிப் பால் உறைந்தாலே கெட்டியாக நிற்கும். பசும்பாலில் அதே கெட்டி வேண்டுமென்றால் தண்ணீரை வடித்தாக வேண்டும். கொழுப்பு நீக்கிய பசும்பாலில் ஒரு கிலோ கிரீக் யோகர்ட் செய்ய 3 முதல் 4 கிலோ பால் பிடிக்கும். விலை ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடல் தாண்டிய குடும்பங்கள்

இன்று கிரேக்கத்தில் இருக்கும் தெசலோனிகி நகரம், 1912 வரை துருக்கிய ஒட்டோமான் ஆட்சியில் சலோனிகா என்ற பெயரில் இருந்தது. அங்கே வாழ்ந்த யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர் ஐசக் கராசோ. ஸ்பெயினில் குடியேறிய அவர், 1919-ல் பார்சிலோனாவில் தயிர் தயாரிக்கத் தொடங்கினார். அந்த ஊர்க்காரர்களுக்குத் தயிர் புதுசு. அதனால் வயிற்றுக் கோளாறுக்கு நல்லது என்று மருந்துக்கடைகளில்தான் விற்றது. மகன் டேனியலின் செல்லப் பெயரையே தயிருக்கும் வைத்தார். அதுதான் ‘டனோன்’. 1929-ல் அந்த மகன் பாரிஸில் தொழிலைத் தொடங்கினார். 1942-ல் அது நியூயார்க்கையும் எட்டியது.

அடுத்தவர் ஹம்தி உலுகாயா. கிழக்குத் துருக்கியில், யூப்ரடீஸ் நதிப் பக்கம் ஆடு மேய்த்துப் பாலாடைக்கட்டியும் தயிரும் செய்த குர்து குடும்பம். 1994-ல் அமெரிக்கா போன அவர், 2005-ல் நியூயார்க் மாநிலத்தில் மூடப்பட்ட ஒரு தயிர் ஆலையைக் கடன் வாங்கி வாங்கினார். சுமார் ஒன்றரை வருடம் பக்குவம் பார்த்து, 2007-ல் முதல் கப்பை விற்றார். அதுதான் ‘சோபானி’. ஆட்டிடையரைக் குறிக்கும் துருக்கிச் சொல்லில் இருந்து வந்த பெயர். ஆனால் கப்புக்குள் இருப்பது பசும்பால்.

காரணம் எளிமையானது. வெளிநாட்டுத் தமிழர்களுக்கு இது நன்றாகவே புரியும். உறை மோரை எப்படியாவது கொண்டுபோகலாம். கிடைக்காவிட்டால் காய்ச்சிய பாலில் மிளகாய்க் காம்பைப் போட்டுக்கூடப் பார்க்கலாம். ஆனால் பால், போன ஊரில் கறக்கிற பால்தான். அமெரிக்காவில் மலிவாக, வருடம் முழுக்கக் கிடைப்பது பசும்பால். செம்மறி ஆடு ஒரு பருவத்துக்குத்தான் கறக்கும், அளவும் குறைவு.

பெயருக்கு ஒரு வழக்கு

பால் மாறலாம், பெயர் மாறலாமா? 1926-ல் ஏதென்ஸில் ஃபிலிப்பு குடும்பத்தின் பால் கடையாகத் தொடங்கி வளர்ந்த ‘ஃபாயே’ நிறுவனம், பிரிட்டனில் சோபானி மீது வழக்குப் போட்டது. அமெரிக்காவில் செய்ததை ‘கிரீக் யோகர்ட்’ என்று விற்பது வாடிக்கையாளரைக் குழப்புகிறது என்பது வாதம். 2013-ல் உயர் நீதிமன்றமும் 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஃபாயே பக்கமே நின்றன. நீதிமன்றம் பார்த்தது எந்த நாட்டில் செய்தது என்பதை. எந்த விலங்கின் பால் என்பது அங்கே கேள்வியே இல்லை.

நம்ம ஊர்லதான் ஆடு இருக்கே?

இருக்கிறது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 45 லட்சம் செம்மறி ஆடுகள். சம்பா அறுவடை முடிந்ததும் டெல்டா வயல்களில் மந்தைகளை இறக்கிக் கிடை போடுவது பழைய வழக்கம். சிதம்பரம் பக்கத்து நெல் வயல்களும் அதற்கு விலக்கல்ல. இரவு முழுக்க ஆடு வயலில் படுக்கும். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். அதற்குத்தான் விவசாயி கிடைக்காரருக்குக் காசோ நெல்லோ கொடுக்கிறார். ‘ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்’ என்ற பழமொழி சும்மா வந்ததில்லை.

ஆனால் மேச்சேரி, சென்னைச் சிவப்பு, ராமநாதபுரம் வெள்ளை என்று நம் இனங்கள் பெரும்பாலும் கறிக்கானவை. சுரக்கும் பால் குட்டிக்கே சரியாகப் போகும். அதைக் கறந்தால் குட்டி எடை கூடாது. குட்டி விற்கிற காசில்தான் கிடைக்காரர் குடும்பமே ஓடுகிறது. தினமும் இடம் மாறும் மந்தைக்குக் குளிர்பதன வசதியும் கிடையாது. கிரேக்கத்தில் கியோஸ் போன்ற கறவைச் செம்மறி இனங்களைத் தலைமுறைகளாக வளர்த்தார்கள். இங்கே ஆட்டிடம் மனிதர்கள் முக்கியமாகக் கேட்டது உரத்தையும் கறியையும்தான்.

அப்போ எதை வாங்கலாம்?

செம்மறிப் பாலுக்கு நெருங்கிய பால் நம் கையிலேயே இருக்கிறது: எருமைப் பால். கொழுப்பு சுமார் 7 சதவீதம், புரதம் சுமார் 4 சதவீதம். நிறமும் அதேபோல வெள்ளை வெளேர். மண் சட்டியில் ஆடை கட்டி உறைந்த எருமைத் தயிர், சுவையிலும் கெட்டியிலும் கிரேக்க கிராமத்துச் சட்டித் தயிருக்குப் பசும்பால் கப்பைவிடக் கிட்டத்தில் நிற்கும். கொழுப்பு அதிகம் என்பதால் அளவு முக்கியம்.

புரோட்டீன்தான் குறி என்றால் வடித்த தயிரே சரி. அதில் 100 கிராமுக்கு 8 முதல் 10 கிராம் வரை புரதம் இருக்கும். வீட்டிலும் செய்யலாம். கெட்டித் தயிரை சுத்தமான பருத்தித் துணியில் கட்டி, ஃப்ரிட்ஜுக்குள் பாத்திரத்தின் மேல் வைத்து, ஒரு ராத்திரி விட்டால் போதும். பாதிக்கும் குறைவாக மிஞ்சும். வடிந்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம். சப்பாத்தி மாவு பிசையலாம், ரசத்தில் சேர்க்கலாம்.

கடையில் வாங்கினால் கப்பின் பின்பக்கத்தைப் படியுங்கள். பாலும் உறையும் மட்டும் இருக்கிறதா, ஸ்டார்ச்சும் ஜெலட்டினும் சேர்த்துக் கெட்டியாக்கியதா, சர்க்கரை எவ்வளவு, 100 கிராமுக்குப் புரதம் எத்தனை கிராம்? இவற்றுக்குத்தான் காசு. முன்பக்கத்து ‘கிரீக்’ என்பது வடிக்கும் முறைக்கான பெயர். பாலுக்கான பெயர் அல்ல.