சதைப்பற்றுச் செடிகளில் பூச்சியும் பூஞ்சையும்

மும்பையிலுள்ள எங்கள் கிளையின் விசாரணை மேசைமீது ஜேட் செடி ஒன்று பல ஆண்டுகளாக இருந்துவந்தது. பணி ஓய்வுபெற்ற மூத்த ஊழியர் ஒருவர் எங்கள் பொறுப்பில் விட்டுச்சென்றது அது. சென்ற மழைக்காலத்தில் அதன் இலைகள் மஞ்சளித்து உதிரத் தொடங்கின. வாடுகிறது எனக் கருதி நீர் ஊற்றினோம். காலையில் காவலர், பகலில் நாங்கள், மாலையில் துப்புரவுப் பணியாளர் என ஒருவர் ஊற்றியதை மற்றவர் அறியாமலே ஊற்றிக்கொண்டிருந்தோம். இரு கையொப்பம் இன்றிப் பெட்டகத்தைத் திறக்காத நாங்கள், நீரை மட்டும் கணக்கின்றி வழங்கியிருக்கிறோம்!

சதைப்பற்றுச் செடிகள் இலையிலும் தண்டிலும் நீரைச் சேமிப்பவை. அவற்றுள் பெரும்பாலானவை இரவில்தான் இலைத்துளைகளைத் திறக்கின்றன. எனவே நீரிழப்பு மிகக் குறைவு. மண் எந்நேரமும் ஈரமாக இருந்தால் வேருக்குக் காற்று கிடைப்பதில்லை. நலிந்த வேரில் ஃபியூசேரியம் போன்ற பூஞ்சைகள் எளிதில் நுழைந்துவிடும்.

தாகமும் அழுகலும் தொலைவிலிருந்து ஒன்றுபோலவே தோன்றும். தொட்டுப் பார்த்தே வேறுபடுத்த வேண்டும். தாகமுற்ற செடியின் இலை சுருங்கி மெலிந்திருக்கும், தண்டு உறுதியாக இருக்கும். அழுகலுற்ற செடியின் இலை மஞ்சளாகி, ஒளி ஊடுருவுமளவு கொழகொழத்து, தொட்டவுடன் உதிரும். தண்டின் அடி கறுத்து மென்மையாகும். எங்கள் செடியின் அடித்தண்டு விரலுக்கு அமுங்கியது.

அந்நிலையில் மருந்து தெளிப்பதால் பயனில்லை. ஸ்பிரிட்டால் துடைத்த கத்தியால் அழுகலுக்கு மேலே வெட்ட வேண்டும். வெட்டுமுகத்தில் பழுப்புப் புள்ளியோ வளையமோ தெரிந்தால், கத்தியை மீண்டும் துடைத்து இன்னும் மேலே வெட்டுவதே முறை. இரக்கப்பட்டுச் சிறிது விட்டுவைத்தால் அதுவே மீண்டும் பரவும். நல்ல கிளையை ஒரு வாரம் நிழலில் உலரவிட்டு, பருமணலும் செங்கல் துகளும் மிகுந்த உலர்ந்த கலவையில் நட்டு, சில நாள் கழித்தே நீர் விடலாம்.

தொட்டியைக் கவிழ்த்தபோது வேர்களுக்கிடையே வெண்பஞ்சு போன்ற திட்டுகளையும் கண்டோம். அவை வேர் மாவுப்பூச்சிகள். பழைய மண்ணை அப்புறப்படுத்தி, தொட்டியை வெந்நீரில் கழுவினோம். மேற்புறத்தில் இவற்றின் இனத்தவை இலைக்கணுக்களில் ஒளிந்து சாற்றை உறிஞ்சும். இனிப்பான கழிவை நாடி எறும்பு வரும். அக்கழிவின்மீதே கரும்பூஞ்சையும் படரும். ஆகவே செடியில் எறும்பு ஊர்ந்தால் கணுக்களைப் பாருங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்துப் பூச்சிமீது ஒற்றினால் போதும். முட்டைகள் தப்பிவிடும் என்பதால் வாரம் ஒருமுறையாக மூன்று நான்கு முறை செய்க.

பரவலாக இருப்பின், ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயையும் சில துளி சோப்புக் கரைசலையும் கலந்து மாலையில் தெளிக்கலாம். வெயிலில் தெளித்தால் இலை கருகும். ஜேட் இனச் செடிகளுக்கு எண்ணெயும் சோப்பும் எப்போதும் ஒத்துக்கொள்வதில்லை. முதலில் ஓர் இலையில் தெளித்து இரண்டு நாள் பொறுத்திருங்கள்.

எச்செவெரியாவின் இலைமேல் சீராகப் படிந்திருக்கும் வெண்பூச்சு நோயன்று. வெயிலிலிருந்து காக்கும் இயற்கை மெழுகு. துடைத்தால் அவ்விலையில் மீண்டும் வராது, எண்ணெயும் அதைக் கரைத்துவிடும். சாம்பல் நோய் திட்டுத்திட்டாகத் தோன்றிப் பரவும். அதற்கு லிட்டருக்கு 2 கிராம் நனையும் கந்தகம் ஏற்றது. ஆனால் எண்ணெய் தெளித்த இரண்டு வாரத்திற்குள் கந்தகம் கூடாது.

புதிதாக வாங்கிய செடியை மூன்று வாரமேனும் மற்றவற்றோடு சேர்க்காதீர்கள்.

எங்கள் ஜேட் செடியின் அடிமரம் பிழைக்கவில்லை. மூன்று கிளைகள் வேர்விட்டன. ஒன்றை அந்த மூத்த ஊழியரிடமே கொண்டுபோய்க் கொடுத்தோம். மற்ற இரண்டும் சன்னலோரம் உள்ளன. நீர் ஊற்றும் பொறுப்பு இப்போது காவலர் ஒருவருக்கே.