பள்ளிக்கூடமும் பயிர்க்காலமும்

வைத்தியம், இன்ஜினீயரிங், வங்கி உத்தியோகம் என்று தம் மக்களின் எதிர்காலத்தைக் கணக்கிட்டுப் பார்க்கும் பெற்றோர் திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலும் அதை அடுத்த பாளையங்கோட்டையிலும் எத்தனையோ பேர் உண்டு. கல்விச்சாலைகளின் மிகுதியால் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று புகழ்பெற்ற பிரதேசத்தில் அது இயல்பே. ஆனால், விவசாய சாஸ்திரத்தை முறையாகப் பயின்று, மேல்நிலைப் பள்ளியில் அதையே போதிக்கும் உத்தியோகம் ஒன்று இருக்கிறதென்பதை அறிந்தோர் அவர்களுள் சிலரே.

விவசாயக் கல்வி நம் நாட்டுக்குப் புதிதன்று. 1868-ல் சென்னை சைதாப்பேட்டையில் வேரூன்றிய விவசாயப் பள்ளியே 1906-ல் கோயம்புத்தூருக்குக் குடிபெயர்ந்து, கல்லூரியாக வளர்ந்து, 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாயிற்று. பள்ளிச் சிறுவரின் கல்வி கைத்தொழிலைப் பற்றி நிற்க வேண்டும் என்று காந்தியடிகள் 1937-ல் வார்தாவில் வற்புறுத்தினார். பிறகு 1978-ல் தமிழகத்தில் பிளஸ் டூ வகுப்புகள் தோன்றியபோது, தொழிற்கல்விப் பிரிவில் விவசாயமும் இடம்பெற்றது.

இந்த ஆசிரியப் பதவிக்குச் செல்லும் மார்க்கம் தெளிவானது. பிளஸ் டூவில் விஞ்ஞானப் பாடங்களையோ தொழிற்கல்வி விவசாயத்தையோ பயின்றவர், நான்கு வருஷ பி.எஸ்ஸி. விவசாயப் பட்டப் படிப்பில் சேர வேண்டும். தொழிற்கல்வி மாணவருக்கென்றே அங்கு ஒரு பங்கு இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி செல்லும் சாலையில், வல்லநாட்டை அடுத்த கிள்ளிகுளத்தில் இருக்கும் விவசாயக் கல்லூரி இவ்வட்டாரத்து மாணவருக்கு அணித்தானது. இறுதி வருஷத்தில் மாணவர்கள் கிராமங்களில் தங்கி, குடியானவர்களோடு வயலில் இறங்கி அனுபவம் பெறுகிறார்கள். பட்டம் பெற்றபின், அரசுப் பள்ளிகளில் வேளாண் பயிற்றுநர் பதவிக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிப்பு வெளியிடும்போது, போட்டித் தேர்வு எழுத வேண்டும். அறிவிப்பு வருஷந்தோறும் வருவதன்று. ஆகவே பொறுமையும் இம்மார்க்கத்துக்குரிய ஒரு தகுதியே.

பட்டமும் தேர்வும் வேலையைத் தருமேயன்றி, ஆசிரியரை உண்டாக்கிவிடமாட்டா. பொருநை என்னும் தாமிரபரணியின் கரையில் விவசாயம் போதிப்பவர் முதலில் அறிய வேண்டியது நீரின் கிரமத்தை. இரு பருவ மழைகளாலும் பயன்பெறும் இந்நதியின் குறுக்கே, கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. பழவூர் அணைக்கட்டில் பிரியும் பாளையங்கால்வாய், மேலப்பாளையத்தையும் பாளையங்கோட்டையையும் கடந்து கீழ்த்திசை வயல்களை நோக்கிச் செல்கிறது. தங்கள் தெருவை ஒட்டி ஓடும் அந்த வாய்க்கால் எங்கே தொடங்கி எந்த மடையில் முடிகிறதென்று மாணவருக்குக் காட்டுவதே, இங்குள்ள ஆசிரியர் நடத்தத்தக்க முதற்பாடம்.

அடுத்தது காலம். ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடம் திறக்கும்போதே, பாபநாசம் அணையின் நீர் இருப்பை ஒட்டிக் கார் சாகுபடியும் தொடங்குகிறது. மழைக்காலத்தில் தொடங்கும் பிசான சாகுபடியோ, ஆண்டுப் பரீட்சையின் பரபரப்பு மிகும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அறுவடைக்கு வருகிறது. படிப்பும் பயிரும் இவ்வாறு மோதும்போது படிப்பே வெல்லும். கதிர் முற்றிய வயலை விட்டு மாணவன் பரீட்சை மண்டபத்துக்குப் போய்விடுவான். ஆகவே விவேகமுள்ள ஆசிரியர், பள்ளி வயலுக்குக் கார் பருவத்தையே தேர்ந்துகொள்வார். 1937-ல் தோன்றிய அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-ல் வெளியிட்ட ஏ.எஸ்.டி. 16 என்னும் குட்டையான, பருமணி நெல், ஏறத்தாழ 110 முதல் 115 நாட்களில் விளைவது. ஜூன் முதல் வாரத்தில் நாற்றங்கால் விதைத்து, மாதக் கடைசியில் நடவு முடித்தால், காலாண்டுப் பரீட்சை முடியும் செப்டம்பர் இறுதியில் அறுவடை காணலாம். விதைத்த கையே அறுத்துக் களம் சேர்க்கும் பூரண அனுபவம், இந்த ஒரு பருவத்திலேதான் சாத்தியமாகிறது.

இத்தகைய ஆசிரியருக்கு அடக்கமும் இன்றியமையாதது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குடியானவர் வீட்டுப் பெண், நாற்று முடியைக் கட்டுவதிலும் களையை இனம் காண்பதிலும் ஆசிரியரைவிடத் தேர்ந்தவளாக இருக்கலாம். அவள் கையறிவை மதித்து, அது ஏன் பலிக்கிறது என்பதற்குரிய காரணத்தை மண்ணின் தன்மையாலும் பயிரின் இயல்பாலும் விளக்கத் தெரிந்தவரே உண்மையான போதகர். கரும்பலகையில் உரக் கணக்கு மட்டும் எழுதிப் போடுபவருக்கு அப்பெயர் பொருந்தாது.

நிலமில்லாத பள்ளிகள் நகரத்தில் உண்டென்பது மெய்யே. எனினும், சுற்றுச்சுவரை ஒட்டிய சிறு பாத்தியில் கீரையும் வெண்டையும் பயிரிட இடமில்லாத பள்ளி அபூர்வம். மக்கள் விவசாயப் பட்டம் பெற விரும்பினால், அதைத் தாழ்ந்த படிப்பென்று பெற்றோர் தடுக்கலாகாது; பள்ளி நிர்வாகிகளும், விவசாயப் பாடம் நடத்துவோருக்குப் புத்தகத்தோடு ஒரு துண்டு நிலத்தையும், அதற்குப் பாயும் நீரையும் அளித்து உதவ வேண்டும்.