அடிக்கடி வெளியூர் செல்லும் மீன் வளர்ப்போர்க்கு ஏற்ற தவளை எது?

(விவசாய டிமான்ஸ்டிரேட்டர் ஒருவர் எழுதுவது)

கண்ணாடித் தொட்டியில் அழகு மீன்களை வளர்க்கும் வழக்கம் பட்டணங்களோடு நில்லாமல் கிராமங்களிலும் பரவியிருக்கிறது. வீட்டில் தொட்டியும் தோட்டத்தில் மீன் குட்டையும் வைத்திருக்கும் நிலச்சுவான்தார்கள், "இவற்றோடு ஒரு தவளையையும் வளர்க்கலாமா? எந்த ஜாதி ஏற்றது?" என்று வினவுவதுண்டு. இவர்களிற் பலர் விதை வாங்கவும், விளைபொருள் விற்கவும், கச்சேரி வேலைகளை முன்னிட்டும் மாதத்திற் பல நாட்கள் ஊரில் இராதவர்கள். ஆதலின் தவளையின் அழகை மட்டும் கருதாது, பின்வரும் மூன்று விஷயங்களை முதலில் ஆலோசித்தல் வேண்டும்.

(1) அதற்கு எத்தனை நாட்களுக்கு ஒரு முறை, எவ்விதமான இரை தேவை? (2) அது மீன்களோடு ஒரே நீரில் இருக்கத் தக்கதா? (3) அது தப்பிச் சென்றால் ஊர்க் குளங்களுக்கும் வயல்களுக்கும் என்ன நேரும்?

கடைகளில் விற்கப்படும் அன்னிய ஜாதிகள்

ஆப்பிரிக்கக் குள்ளத் தவளை ஒன்றரை அங்குல அளவே வளர்வது; சாதுவான சிறு மீன்களோடு வாழக்கூடியது. ஆயினும் அதன் கண்பார்வை மங்கலானது. இரையை அது மோப்பத்தால் தேடிக் காண்பதற்குள் மீன்கள் அதனை உண்டு தீர்த்துவிடும். எனவே ஒருவர் அருகிலிருந்து அதன் வாய்க்கருகே இரையைக் கொண்டுசென்று கொடுத்தல் வேண்டும். வளர்ந்த மீன்கள் மூன்று நான்கு நாட்கள் இரையின்றித் தாங்கும். இச்சிறு தவளையை அவ்வாறு பட்டினியிடுதல் தகாது. அடிக்கடி ஊரை விட்டுச் செல்வோர்க்கு இது ஏற்றதன்று.

ஆப்பிரிக்க நகத்தவளை இதனினும் பெரியது. கடைகளில் வெண்ணிறமான குஞ்சுகளாக விற்கப்படுவதால் பலர் இதனைக் குள்ளத் தவளையென்று மயங்கி வாங்கிவிடுகின்றனர். வளர்ந்த பின்னர் இது தன் வாயிற் கொள்ளும் மீன்களையெல்லாம் விழுங்கும். கருப்பத்தைக் கண்டறியும் சோதனைக்காக 1930-களிலிருந்து பல தேசங்களுக்கும் அனுப்பப்பெற்ற இத்தவளை, கலிபோர்னியா, சிலி, பிரான்சு, சிசிலித் தீவு ஆகிய இடங்களின் நீர்நிலைகளில் தானாகவே பெருகி நிலைத்துவிட்டது.

தென் அமெரிக்கக் கொம்புத் தவளை நிலத்தில் அரைப்பாகம் புதைந்து அசையாதிருக்கும். நன்கு வளர்ந்த தவளைக்கு வாரத்திற்கு ஒரு முறை இரை கொடுத்தாலும் போதும். இரை ஒன்றை மட்டும் நோக்கினால் வெளியூர் செல்வோர்க்கு இதுவே தக்கதாகத் தோன்றும். ஆனால் மண் உலராதபடியும் தண்ணீர் கெடாதபடியும் ஒருவர் கவனித்துவர வேண்டும். நம் கோடையின் கடும் வெப்பமும் இதற்கு ஆகாது. மீன் தொட்டியில் இதனை விடுதல் கூடவே கூடாது.

நோயைப் பற்றிய எச்சரிக்கை

தவளை தன் தோலின் வழியாகவே நீரையும் காற்றையும் ஏற்கும் பிராணி. அத்தோலைத் தாக்கும் ஒருவகைப் பூஞ்சாண நோய் 1998-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. 2019-இல் வெளியான ஆராய்ச்சியின்படி இந்நோயால் உலகில் 501 ஜாதிகள் குறைந்தன. அவற்றுள் 90 ஜாதிகள் அற்றுப்போயிருக்கலாமெனக் கருதப்படுகிறது. ஒரு தேசத்துத் தவளையை மற்றொரு தேசத்திற்குக் கொண்டுசெல்லும் வியாபாரம் இந்நோய் பரவுவதற்கு ஒரு முக்கிய காரணமாகும். ஆகவே அன்னியத் தவளையையாவது அது இருந்த தொட்டி நீரையாவது கிணற்றிலும் வாய்க்காலிலும் விடலாகாது.

மனிதர்க்கும் எச்சரிக்கை வேண்டும். 2008 முதல் 2011 வரை அமெரிக்காவில் குள்ளத் தவளைகளின் தொட்டி நீரால் பலருக்கு, விசேஷமாகக் குழந்தைகளுக்கு, வயிற்றுப்போக்குக் காய்ச்சல் உண்டாயிற்று. தொட்டியைத் தொட்ட கையைச் சவுக்காரமிட்டுக் கழுவுதல் அவசியம்.

நம் ஊர்த் தவளைகள்

முதல் மழையில் ஆண்கள் மஞ்சள் நிறமடைந்து பெருங்குரலெடுக்கும் பெருந்தவளை, வயலுக்கு நண்பன், மீன்குஞ்சுக்குப் பகைவன். பூச்சி, நண்டு, சுண்டெலி ஆகியவற்றை உண்ணும் இது, மீன்குஞ்சுகளையும் விடாது. இதன் தலைப்பிரட்டைகள் பிற தவளைகளின் தலைப்பிரட்டைகளைத் தின்று வாழ்வன. இந்தியத் தவளைக்கால்களின் ஏற்றுமதி 1987-இல் தடுக்கப்பட்டது. இந்தத் தவளை 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் உள்ளமையால், பிடித்து வளர்க்கவும் விற்கவும் முயலுதல் கூடாது.

மரத்தவளை குளியலறைச் சுவரிலும் தண்ணீர்ப் பானையருகிலும் தானே வந்து தங்கும். நீருக்கு மேலே நுரைக்கூடு கட்டி அதில் முட்டையிடும்.

தேரை, அதாவது சொறித் தவளை, இரவில் விளக்கடியில் வந்தமர்ந்து கறையான், எறும்பு, வண்டுகளைத் தின்னும். பகலில் ஈரமான இருட்டிடத்தில் ஒடுங்கும். அதனைக் காத்துநிற்கவோ அதற்கு இரை தேடவோ வேண்டுவதில்லை. எசமான் பத்து நாள் ஊரில் இல்லாவிடினும் அதற்கு யாதொரு குறையும் நேராது. எனவே அடிக்கடி பிரயாணம் செய்வோர் விலை கொடுத்து ஒன்றை வாங்கி அடைப்பதினும், தேரை தானே வந்து தங்குதற்குரிய இடத்தை அமைப்பதே உத்தமம் என்பது எமது அபிப்பிராயம்.

இடம் அமைக்கும் முறை

கிணற்றடி வாழைப்பாத்தி போன்ற ஈர நிழலில், விளிம்பு உடைந்த பழைய மட்பானை ஒன்றைக் கவிழ்த்து வைக்கவும். உடைந்த விளிம்பு வாயிலாகும். உள்ளே தளர்ந்த மண்ணும் சருகும் இடவும். அருகே ஒரு விரற்கடை ஆழமுள்ள தட்டில் நீர் வைத்து, ஊரிலிருக்கும் நாட்களில் தினந்தோறும் மாற்றவும். ஊருக்குப் புறப்படும்போது நீரைக் கொட்டிவிடவும். இல்லையேல் கொசு பெருகும். அப்பாத்தியில் பூச்சிமருந்து தெளிக்கலாகாது. தேரையின் கண்ணுக்குப் பின்னுள்ள புடைப்பில் பால் போன்ற நஞ்சு உண்டு. ஆகையால் குழந்தைகள் அதனைப் பிடியாதபடியும், நாய் கவ்வாதபடியும் பார்த்துக்கொள்ளவும்.

மீன் குட்டையுடையோர் கவனத்திற்கு

நாற்றங்கால் குட்டையில் மீன்குஞ்சு விடுமுன் தவளை முட்டைகளையும் தலைப்பிரட்டைகளையும் வலையால் வாரி, மீனில்லாத வேறு பள்ளத்தில் விடவும். கரையைச் சுற்றி இரண்டு முழ உயரத்திற்குச் சிறுகண் வலை கட்டினால் பெருந்தவளை உட்புகாது. தவளையைக் கொல்ல வேண்டிய அவசியமே இல்லை. வயலில் அதன் உழைப்பு நமக்கு வேண்டும்.

வெளியிலிருந்து வாங்கிவரும் மீன்குஞ்சுகளைக் குட்டையில் விடுமுன் வெள்ளைப் பாத்திரத்திலிட்டுப் பரிசோதிக்கவும். அந்தமான் தீவுகளில் நம் பெருந்தவளை இந்நூற்றாண்டில் புதிதாய்ப் பரவிற்று. பெருநிலத்திலிருந்து சென்ற மீன்குஞ்சுகளோடு அது கலந்து சென்றமை அதற்கு ஒரு காரணமென ஆராய்ச்சியாளர் கண்டனர். இங்கே நமக்கு உதவும் தவளையே அங்கே அத்தீவுகளின் தவளைக் குஞ்சுகளுக்கு நாசமாய் முடிந்தது. இடம் மாறினால் நன்மையும் தீமையாகும் என்பதற்கு இதுவே தக்க அத்தாட்சி.

கிராம அதிகாரிகள், அன்னியத் தவளைகள் ஊர்க் குளத்தில் விடப்பட்டதாக அறிந்தால் தாமதியாது வன இலாகாவுக்கும் மீன் இலாகாவுக்கும் தெரிவித்தல் நலம். ஒரு ஜோடி பெருகிய பின்னர்ப் பிடித்து ஒழிப்பது மிக அரிது. முன்னரே வளர்த்து வருவோர், வளர்க்க இயலாதபோது அதனை வாங்கிய கடைக்கே திருப்பிக் கொடுக்க வேண்டுமேயன்றி, இரக்கத்தின் காரணமாகக்கூட வெளியே விடலாகாது.